பிரியான்ஸ்கில் இறங்கியவர்

வாசுதேவன் லண்டன் எட்மண்டனில் மரியமலரின் வீட்டுக்கு வந்தது 1994ஆம் ஆண்டின் கோடையில். கதவைத் திறந்தவளிடம் அவன் தன் பெயரைச் சொல்லவில்லை. "அக்கா, நான் சூசைதாசன் அண்ணையோடை ரஷ்யாவிலை ஒண்டா நிண்டனான்" என்றான்.

அவள் அவனை உள்ளே கூப்பிட்டு, அவன் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று தெருவை எட்டிப் பார்த்தாள்.

சூசைதாசன் அவளுடைய கணவர். தலைமன்னார் ரயிலில் கார்டாக இருந்தவர். சண்டையால் ரயில் நின்றபோது மரியமலர் மகள் இசபெல்லைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டாள். அவர் மட்டும், இன்றைக்கு ஓடும் நாளைக்கு ஓடும் என்று அங்கேயே காத்திருந்தார். ஒருவழியாக முந்தைய மார்கழியில் மொஸ்கோ வரை வந்து அங்கிருந்து போன் எடுத்தார். "இஞ்சை சரியான குளிர். பிள்ளையைப் பாத்துக்கொள். கெதியா வந்திடுவன்." அதுதான் கடைசி. அவரைக் களவாக லண்டனுக்குக் கூட்டிவரக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரனைக் கேட்கும்போதெல்லாம், வழியில்தான் நிற்கிறார் என்றான்.

"அவர் எங்கை தம்பி?"

வாசுதேவன் குனிந்தபடியே சொன்னான். மொஸ்கோவிலிருந்து ரயிலில் அவர்களைப் பிரியான்ஸ்க் என்ற நகரத்தில் இறக்கி, ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு வீட்டில் அடைத்து வைத்தார்கள். அங்கிருந்து உக்ரேன் எல்லை கிட்டத்தான். ஆனால் எல்லையில் கெடுபிடி; நாள் இழுபட்டது. சூசைதாசனுக்குக் காய்ச்சல் பிடித்தது. பிறகு மூச்செடுக்கவே கஷ்டப்பட்டார். புறப்படச் சொல்லித் தகவல் வந்த அன்று அவரால் நடக்க முடியவில்லை.

"நாங்கள் தூக்கிக்கொண்டு போறம் எண்டனாங்கள் அக்கா. அவர் விடேல்லை. 'என்னைக் கொண்டு போனா எல்லாரும் பிடிபடுவியள். ஸ்டேஷனிலை கட்டாயம் மருந்துக்காரர் இருப்பினம், நான் அவையளிட்டைப் போறன், ஒருத்தரும் பின்னாலை வராதேங்கோ' எண்டார். சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு ஸ்டேஷனுக்குள்ளை போனவர். நான் றோட்டுக்கு இஞ்சாலை நிண்டு பாத்தனான்."

"பிறகு?"

"பிறகு தெரியாது அக்கா. எங்களை வான் ஒண்டுக்குள்ளை ஏத்திப்போட்டாங்கள்."

அவனுக்குத் தேநீர் கொடுக்கவும் அவள் மறந்துபோனாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் நூலகத்துக்குப் போனாள். அங்கிருந்த பெண் பெரிய உலகப்படப் புத்தகம் ஒன்றை விரித்துக் கொடுத்தாள். மொஸ்கோவுக்குத் தென்மேற்கே, காடுகளுக்கு நடுவில், தெஸ்னா ஆற்றங்கரையில் அந்த ஊர் இருந்தது. கறுப்புக் கோடுகளாக ரயில் பாதைகள் எல்லாத் திசையிலிருந்தும் வந்து அதில் கூடின. மொஸ்கோவுக்கு ஒன்று, கீவுக்கு ஒன்று, சிமொலன்ஸ்குக்கு ஒன்று. இன்னொரு புத்தகத்தில் மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஆயிரம் வருடப் பழைய ஊர். ரயில் வந்த பிறகுதான் பெருத்தது. ரயில் எஞ்சின் செய்கிற இடம். ஹிட்லரின் படை பிடித்து வைத்திருந்தபோது காட்டுக்குள் இருந்தவர்கள் தண்டவாளங்களைத் தகர்த்தார்கள். எல்லாம் இடிந்து, எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார்கள்.

படத்தில் எல்லையைத் தேடினாள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே நிறம். நூலகப் பெண்ணிடம் கேட்டாள்.

"இது பழைய படம். அப்போது எல்லாம் ஒரே நாடு. அந்த எல்லை வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை" என்றாள் அந்தப் பெண்.

மரியமலர் புத்தகத்தை மூடினாள். மனிதர்கள் தடையில்லாமல் போய்வந்த பாதை. அவர் கொஞ்சம் முந்திப் புறப்பட்டிருந்தால் அந்த ஊரில் இறங்கியே இருக்கமாட்டார். ரயில் ஜன்னலோரம் நித்திரையாகவே அதைக் கடந்து போயிருப்பார்.

அவள் வேலை செய்த ஹோட்டல் சலவை அறையில் இரேனா என்ற லித்துவேனியாக்காரி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி படித்தவள். விஷயத்தைக் கேட்டதும் "நான் கதைக்கிறேன்" என்று தானாகவே முன்வந்தாள். அடுத்த ஞாயிறு காலையிலிருந்து மரியமலரின் வீட்டுப் போனில் ஸ்டேஷன், பொலிஸ் என்று ஒவ்வொரு இடமாக விசாரித்தாள். சிலர் பாதியில் வைத்துவிட்டார்கள். கடைசியில் ரயில் ஊழியர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு நர்ஸ் கிடைத்தாள். இரேனாவின் குரல் திடீரென்று தணிந்தது. மரியமலருக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இரேனா ஆங்கிலத்தில் சொன்னாள். நெஞ்சில் சளி கட்டி, வந்த மூன்றாம் நாள் இறந்திருக்கிறார். பாஸ்போர்ட் ஏஜென்சிக்காரனிடம் இருந்ததால் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பாஷையும் இல்லை. ஆனால் கொடி காட்டுவதுபோல் கையை ஆட்டி, விசில் ஊதிக் காட்டினாராம். ரயில்காரன் என்று அவர்களுக்கு விளங்கியிருக்கிறது. வெளியே அனுப்பாமல் தங்கள் ஆளாகவே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"தனிய இருந்தவரோ எண்டு..." மரியமலர் தமிழில் தொடங்கி, பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்.

இரேனா கேட்டுச் சொன்னாள். "இல்லை. இந்த நர்ஸ்தான் பக்கத்தில் இருந்திருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம்."

மரியமலர் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"கல்லறையில் 'ரயில்காரர்' என்று மட்டும்தான் பலகை வைத்திருக்கிறார்களாம். பெயர் கேட்கிறாள்."

மரியமலர் சொன்னாள். இரேனா அதை ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, தொலைவிலிருந்த அந்தப் பெண்ணுக்குச் சொல்லத் தொடங்கினாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து மரியமலர் ஒருதடவைகூட வாயால் சொல்லிக் கூப்பிடாத பெயர், அவளுக்குத் தெரியாத ஒலிகளாக உடைந்து உடைந்து போனது. கடைசி எழுத்தில் அவள் நிலத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இசபெல் இறங்கி ஓடிவந்தாள்.

"அம்மா, என்னம்மா? அப்பாவோ?"

"ஓம் பிள்ளை" என்று மரியமலர் மகளை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள். "இரு, சொல்றன்."