உப்புப் பூத்த மிஷின்

லோகேஸ்வரியும் திலகமும் மலேசியாவில் ரவாங் பேக்டரியில் பல வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். புக்கிட் பெலிம்பிங்கில் லோகேஸ்வரியின் வீட்டோடு ஒரு கொட்டகை போட்டு, கோயம்புத்தூரிலிருந்து முறுக்கு பிழியும் மிஷினை வரவழைத்துச் சொந்தத் தொழில் செய்வது என்று முடிவானது. திலகம் தயங்கினாள். "நான் இருக்கேன்லா, பயப்படாதக்கா" என்று லோகேஸ்வரிதான் அவளை வேலையை விட வைத்தாள்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து லோரியில் வந்த மிஷின் பெட்டி வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. திறந்தால் குப்பென்று ஒரு புளித்த வாடை. வரும் வழியில் கண்டெய்னருக்குள் கடல்நீர் புகுந்திருந்தது. மோட்டார் முழுக்க உப்புப் பூத்து, பற்சக்கரங்கள் துருவேறி இறுகிக் கிடந்தன. இன்சூரன்ஸ் இல்லை. கொண்டு வருகிறவன் பத்திரமாகத்தானே கொண்டு வருவான் என்று லோகேஸ்வரி இருந்துவிட்டாள்.

கப்பல் கம்பெனியின் ஏஜண்டு பாலன் நேரில் வந்து பார்த்தான்.

"கண்டெய்னர்ல ஓட்டை இருந்திருக்கு அக்கா. கம்பெனி பொறுப்புதான். வக்கீல், கோர்ட்டுன்னு அலையாதீங்க, பேசியே முடிச்சிடலாம்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எப்போது கூப்பிட்டாலும் மரியாதையாகத்தான் பேசினான். விசாரணை நடக்கிறது என்பான், மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறது என்பான். தீபாவளி போனது, தைப்பூசமும் போனது, பெட்டி வந்து ஒரு வருடமும் தாண்டியது. அப்புறம் அவன் போனை எடுப்பதே இல்லை.

கிள்ளானில் அவள் தேடிப்போன வக்கீல் விஷாலினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெட்டி வந்த தேதியை இன்னொரு தடவை பார்த்தாள்.

"சரக்கு கைக்கு வந்த ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டிருக்கணும்மா. தாண்டிட்டா கப்பல் கம்பெனிக்குப் பொறுப்பே கிடையாது."

"அவங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்களே!"

"கெடுவை நீட்டித் தர்றோம்னு எழுதிக் கொடுத்தாங்களா?"

"பேசிக்கிட்டு இருந்தாங்க."

"பேசினது செல்லாதும்மா."

வெளியே வந்து, யாரோ ஒருவரின் போனை வாங்கிப் பாலனைக் கூப்பிட்டாள். எடுத்தான்.

"ஒரு வருஷக் கெடு இருக்குன்னு உனக்குத் தெரியுமா தம்பி?"

"நான் வெறும் ஏஜண்டு அக்கா. சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன்." போனை வைத்துவிட்டான்.

வீடு திரும்பியபோது திலகம் கொட்டகையில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் தொட்டுப் பற்சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இங்க பாரு லோகு, ஒண்ணு சுத்துது!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

லோகேஸ்வரி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். திலகம் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"உன்னைப் பேக்டரியில திரும்ப எடுத்துப்பாங்க லோகு. எனக்கு வயசு தாண்டிடுச்சு, எடுக்க மாட்டாங்க."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் லோகேஸ்வரி அழுதாவது இருப்பாள்.

அடுத்த வாரம் பேக்டரி பஸ்ஸில் அவள் மட்டும் ஏறினாள். திலகத்தின் வீட்டைப் பஸ் கடக்கும்போது, செருப்பைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்துகொண்டாள்.