மூன்று பட்டன் ரிமோட்

டி.வி.யோடு ஒரு சின்னக் கம்ப்யூட்டரை இணைத்து முந்நூறு படங்களை ஏற்றி வைத்திருக்கிறேன். ரிமோட்டில் எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று நாமே எழுதிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் என் பேச்சைக் கேட்கும் ஒரே பொருள் அதுதான்.

கருமத்தம்பட்டியில் தனியாக இருந்த மாமனார் பாலுசாமிக்கு லேசான பக்கவாதம் வந்து வலதுகை நடுங்க ஆரம்பித்தது. சூலூருக்கு அழைத்து வந்துவிட்டோம். நாற்பது பட்டனில் மூன்றை மட்டும் அவருக்காக விட்டுவைத்தேன். மேலே, கீழே, பச்சை. பச்சையைத் தட்டினால் படம் திறக்கும், மறுபடி தட்டினால் மூடும்.

"அருமைங்க மாப்பிள்ளை" என்றார். ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம், "வெள்ளிக்கிழமை ஊட்டுக்குப் போறனுங்க" என்றார். அந்தக் கையோடு தனியாக எப்படி இருப்பார்? என் மனைவி லோகப்பிரியா அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொழுது போகாம எப்படிங்க இருப்பாரு? பகல் பூரா ஒரே சமையல் நிகழ்ச்சி."

அது நான் சோதனைக்குப் போட்டது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தானாக ஓடும்.

"சமையல்ல ஆர்வம்னு நெனச்சேன்."

"எங்கப்பா சுடுதண்ணி வெச்சு நான் பாத்ததில்லைங்க! கை நடுங்கறதுல ஒருக்காத் தட்டுனா மூணு தட்டா விழுந்துபோடுது. படம் தொறந்து தொறந்து மூடிக்குது."

"எங்கிட்டச் சொல்லலாமில்ல?"

"மாப்பிள்ளைகிட்டப் போயி எப்படிங்க கொறை சொல்லுவாரு?"

அன்றே உட்கார்ந்து ரிமோட்டின் நிரலை மாற்றி எழுதினேன். ஒருமுறை தட்டினால், அடுத்த ஒரு விநாடிக்கு எத்தனை தட்டு விழுந்தாலும் கணக்கில் சேராது. என் கையை நானே நடுங்கவைத்துச் சோதித்தேன். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போய் முதலில் எல்லாப் பட்டனும் செத்துப்போனதை லோகப்பிரியாவிடம் சொல்லவில்லை.

மாமாவிடம் கொடுத்தேன். தட்டினார். படம் திறந்தது, மூடவில்லை.

"அருமைங்க."

இந்த வார்த்தையை இனி நம்புவதாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. அத்தை வெச்ச ரசத்துல ஒருநாளும் உப்பு இருந்ததில்லைங்க. பத்து வருசமா அருமைன்னே சொல்லிக் குடிச்சேன்."

மாமா என்னை வெறித்துப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது.

"நான் முப்பத்தெட்டு வருசங்க மாப்பிள்ளை. கடைசி வரைக்கும் அவகிட்டச் சொல்லலீங்க."

சிரித்து முடிக்கையில் இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, சத்தம் ஏத்தறதுக்குப் பட்டனே இல்லீங்களே. தறிச் சத்தத்துலயே இருந்த காதுங்க இது."

மறந்தே போயிருந்தேன். பெரிய மேதை.

"எழுத்தும் பொடிசுங்க. அப்புறம் அந்தச் சமையக்காரன்... அவன் மூஞ்சியவே இனிப் பாக்க முடியாதுங்க!"

ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கும்போது முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, சாயங்காலம் வந்து இந்தக் கீழ் பட்டனைக் கொஞ்சம் பாருங்க. சுத்தமாச் சரியில்லீங்க!"