பாதி வாய்ச் சிரிப்பு

சசிகலா வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். முன்பற்களில் பழுப்புத் திட்டு. பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறாள், ஆனாலும் சிரிப்பு வருமுன் கை வந்துவிடும்.

சின்ன வயதில் கரித்தூள், உப்பு, எலுமிச்சை, டிவியில் காட்டிய பேஸ்ட் எல்லாம் தேய்த்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் யாராவது கண்டிப்பாய்ப் போயிடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். திட்டு போகவில்லை, நம்பிக்கைதான் போயிற்று. அதனால்தான் தன் ஆய்வுக்கு இதையே எடுத்தாள். போகுமா போகாதா என்று ஒரு முறையாவது நிச்சயமாகத் தெரியவேண்டும்.

ஏற்பாடு இதுதான். தன் ஊரைப் போலவே தண்ணீர் உள்ள ஒரு கிராமத்துப் பள்ளியில், ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்பற்களில் ஒரு பக்கம் மட்டும் திட்டை மறைக்கும் பிசின் மருந்தை ஊறவைப்பது; மறுபக்கத்தைச் சும்மா விடுவது. எந்தப் பக்கம் என்பது சீட்டுக் குலுக்கலில் வரும். மருந்து வைத்தது கூடப் படிக்கும் அருள்குமார். சில மாதம் கழித்துப் பார்த்து மார்க் போடுவது சசிகலா. எந்தப் பக்கம் மருந்து என்று அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் ஆசை கண்ணைக் கெடுத்துவிடும், ஆய்வு செல்லாது.

மார்க் போடும் நாள் வந்தது. அருள்குமாரை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு அவள் வகுப்புக்குள் போனாள்.

"டாக்டரக்காகிட்ட எந்தப் பக்கம்னு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சுதா?" என்றார் நிர்மலா டீச்சர்.

"வாயத் தொறக்காம எப்படிங்க டீச்சர் பல்லக் காட்டுறது?" என்றான் பூபதி.

அவன்தான் முதல் ஆள். உதட்டை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை அவன் வாயில் மாட்டினாள். குரங்கு மாதிரி ஆன தன் மூஞ்சியை, அவள் படமெடுக்க நீட்டிய செல்போன் திரையில் பார்த்ததும் அவனுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. வளையம் துள்ளிப் பறந்து டீச்சரின் டீ டம்ளருக்குள் விழுந்தது.

வகுப்பே சிரித்தது. அந்த ஊர்ப் பழக்கப்படி எல்லாக் கைகளும் வாய்க்குப் போயின.

ஆனால் பாதி வாய்க்குத்தான்.

ஒருத்தி வலப்பக்கத்தை மட்டும் பொத்தியிருந்தாள், ஒருவன் இடப்பக்கத்தை. மூடாத பக்கத்தில் பற்கள் தைரியமாகச் சிரித்துக்கொண்டிருந்தன. ஏன் இப்படி என்று யோசித்தவளுக்கு மறுநொடி புரிந்தது. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"கையக் கீழ போடுங்க, சாமி."

அக்கா கண்ணை மூடியதைப் பார்த்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவளுக்கே அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. பேசாமல் மார்க் போட்டுவிடலாம், யாருக்குத் தெரியும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. கரித்தூள் கொடுத்தவர்களின் குரலும் இப்படித்தான் இருந்தது.

சத்தம் கேட்டு அருள்குமார் ஓடிவந்தான். "என்னாச்சு?"

"பாத்துட்டேன். எல்லாப் பிள்ளைங்களும் கையாலயே சொல்லிட்டாங்க."

"அப்ப மருந்து வேலை செய்யுது."

"வேலை செய்யுதுன்னு பிள்ளைங்க நம்புதுங்க. அது வேற. பல்லப் போட்டோ எடுத்துக் குடுப்போம், வெளியாள் யாராச்சும் பாத்து மார்க் போடட்டும்."

"உன் படிப்பு ஆறு மாசம் தள்ளிப் போவும், புள்ள."

"போவட்டும்." வருத்தப்பட வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் மனசு, ஊஞ்சலில் உச்சிக்குப் போனதுபோல் லேசாக இருந்தது.

அப்போதுதான் கடைசி பெஞ்சைக் கவனித்தாள். செல்லி என்ற சின்னப் பெண் இரண்டு கையாலும் முழு வாயையும் இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏம்மா முழுசா மூடியிருக்க?"

கை இடுக்கிலிருந்து பதில் வந்தது. "டீச்சர் சொல்லக் கூடாதுன்னாங்க இல்ல?"

சசிகலா அவள் முன்னால் மண்டியிட்டாள். இந்த ஒரு வாயை மட்டும் அவள் இன்னும் நேர்மையாகப் பார்க்கலாம். டார்ச்சை அடித்தாள். வலப்பக்கம் பழுப்பு, தன்னுடையதைப் போலவே. இடப்பக்கம் திட்டு முழுதாகப் போகவில்லை. ஆனால் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. மறுபடி பார்த்தாள். அப்போதும் தேட வேண்டியிருந்தது.

எந்தப் பக்கம் என்று செல்லியிடம் கேட்கவில்லை. மார்க்கை மனசில் குறித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு கையில் டார்ச், மறுகையில் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி. பொத்திக்கொள்ளக் கை இல்லை என்பதே அவளுக்கு நினைவில்லை.

செல்லி அவள் வாயையே உற்றுப் பார்த்தாள்.

"டாக்டரக்கா, உங்களுக்கு ரெண்டு பக்கமும் மருந்து வெக்கலீங்களா?"