வீடு அல்லது ஊடு

1998ஆம் ஆண்டு தை மாதம் ஆறாம் தேதி முதல், ஆரணியில் தனகோடியின் வீடு காலை ஒன்பது மணிக்குத் தெருவைக் கடந்து மேற்கு வரிசைக்குப் போகிறது. மாலை ஐந்து மணிக்குக் கிழக்கு வரிசைக்குத் திரும்புகிறது. அஸ்திவாரமும் கிணறும் குழித்தறியும் கூடவே போகும். அடுப்பில் இருக்கும் ரசம் தளும்பாது. நிலக் கட்டணம் நிர்ணயித்ததில் நகராட்சி செய்த பிழையால் நேர்ந்தது இது. வேறு காரணம் சொல்கிறவர்கள் அந்தக் குடும்பத்தை அறியாதவர்கள்.

முந்தைய ஐப்பசியில் நகர்மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. குடியிருப்பு மனைக்குக் கட்டணம் இல்லை. வீட்டோடு கைத்தறி இருந்தாலும் அது குடியிருப்புதான். தொழிற்கூடம் என்றால் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பித்து, சதுர மீட்டர் கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டும். கணக்கெடுக்க வந்த எழுத்தர் சின்னதுரைக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். ஆரணிக்கு மாற்றலாகி வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, இந்த இடம் எதற்கு உபயோகமாகிறது என்று கேட்டார். அதிகாரியைக் கண்டதும் தெருவார் எல்லாரும் பள்ளிக்கூடத் தமிழில் ‘வீடு’ என்றார்கள். தனகோடி யாருக்காகவும் நாக்கை மாற்றிக்கொள்ளாதவர். “இன்னா கேள்வி இது? ஊடு” என்றார்.

ஆரணிப் பேச்சில் ஊடு என்றால் வீடு. சின்னதுரை படித்த தமிழிலோ, பாவு நூலுக்குக் குறுக்கே இப்படியும் அப்படியும் ஓடுகிற நூலுக்குத்தான் ஊடு என்று பெயர். உள்ளே தறிச் சத்தம் வேறு கேட்டது. ‘ஊடு உற்பத்தி’ என்று எழுதிக்கொண்டு போனார். மார்கழியில் அறிவிப்பு வந்தது. முப்பது நாளுக்குள் விண்ணப்பமும் கட்டணமும் வராவிட்டால் கட்டடம் பூட்டி முத்திரையிடப்படும்.

கட்டணம் பெரிதில்லை. ஒரு சேலைக் கூலியில் கட்டிவிடலாம். ஆனால் விண்ணப்பத்தின் முதல் வரி, ‘மேற்படி மனையில் எனக்குக் குடியிருப்பு வீடு இல்லை என உறுதி கூறுகிறேன்’ என்று இருந்தது. தனகோடியின் மகள் ஹேமலதாவைக் கண்ணமங்கலத்தில் நிச்சயம் செய்திருந்தார்கள். ஆவணியில், பெண் வீட்டு வாசலிலேயே கல்யாணம். வீடே இல்லை என்று தகப்பன் கையெழுத்துப் போட்ட பிறகு எந்த வாசலில் பந்தல் போடுவது? சம்பந்தியே ஆள் அனுப்பி, சும்மா கையெழுத்தைப் போட்டுவிடச் சொன்னார்.

“ஊடு இல்லாதவன் பொண்ண கட்டிக்கினு போனாங்கன்னு அவருக்குப் பேர் வரணுமா? போயி கேட்டுகினு வா” என்று வந்தவரைத் திருப்பி அனுப்பினார் தனகோடி.

அவர் மனைவி ராஜம்மாள், “ஒரு வார்த்த வீடுன்னு சொல்லியிருந்தா இந்த பேஜாரு உண்டா?” என்றாள்.

“எங்கப்பன் கட்னது ஊடு. வீடு யார் கட்னான்னு எனக்குத் தெரியாது.”

முப்பது நாளும் முடிந்த அன்று பூட்டும் அரக்குமாக ஆட்கள் வந்தார்கள். கிழக்கு வரிசையில் வெறும் மண் இருந்தது. பதிவேட்டில் ஊடு என்று ஏறிவிட்ட வீடு, ஊடு செய்கிற வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது. எதிரே, நகராட்சிக்குச் சொந்தமான காலி இடத்தில் தனகோடி தறியில் உட்கார்ந்திருந்தார். அறிவிப்பில் இருந்தது கிழக்கு மனையின் எண். மேற்கே பூட்ட அதிகாரம் இல்லை. உத்தரவை மேற்குக்கு மாற்றி வாங்கிக்கொண்டு மாலையில் வந்தபோது வீடு கிழக்கே திரும்பிவிட்டது. ஆறு மாதத்தில் பத்தொன்பது முறை பூட்டு வந்து போனது. வீடு உரசிப் போன இடத்தில் குண்டும் குழியுமாய்க் கிடந்த தெரு நெய்த துணிபோல் இழைந்துகொண்டது.

ஆனி மாத மன்றக் கூட்டத்தில், இடம் மாறும் வீட்டுக்குக் கட்டணம் நிர்ணயிப்பது என்பதே முதல் பொருள். கடக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு விண்ணப்பம் என்றார் ஒருவர். திரும்பி வருவதற்குப் பாதிக் கட்டணம் போதும் என்றார் இன்னொருவர். யாரும் சிரிக்கவில்லை. தனகோடியை அழைத்துக் கேட்டார்கள். தோளில் போட்ட துண்டை எடுக்காமல் நின்றார்.

“கட்டணம் எவ்ளோனா வையுங்க. ஊடு இல்லன்னு எழுதிகிற காயிதத்துல மட்டும் என் கை படாது.”

சின்னதுரை எழுந்தார். “ஐயா, நான் நூலுன்னுல்லா நெனச்சேன்! வீட்டத்தான் சொல்லுதீயன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“நீ இன்னா எழுதுனேன்னு என்கிட்ட படிச்சா காட்ன?”

தனகோடியின் வார்டு உறுப்பினர் லீலா மேசையைத் தட்டினாள். “தலைவரே, நீங்க ராத்திரி எங்க போயி படுப்பீங்க?”

“ஊட்டுக்குத்தான்” என்றார் தலைவர், யோசிக்காமல்.

“அப்ப உங்களுதுக்கும் ஜல்தியா ஒரு பூட்டு அனுப்புங்க.”

மன்றத்தில் இருந்த முப்பத்து மூன்று பேரும் ஊட்டுக்குப் போகிறவர்கள்தான். கட்டண அட்டவணை அன்றே திருத்தப்பட்டது. முதல் வரியில், ‘வீடு அல்லது ஊடு: கட்டணம் இல்லை’ என்று அச்சடித்தார்கள். அறிவிப்பு ரத்தானது. சின்னதுரை அந்த உத்தரவைத் தாமே கொண்டுவந்து, தனகோடியின் எதிரில் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தார்.

இனி வீடு நின்றுவிடும் என்று நினைத்தார்கள். நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லித் தனகோடியும் கேட்கவில்லை. ஆவணியில் முகூர்த்தம் மேற்கு வரிசையில் நடந்தது. பெண்ணை வழியனுப்பியது கிழக்கு வரிசையில். கண்ணமங்கலத்துச் சம்பந்தி இரண்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். அடுத்த ஆண்டு மின்வாரியம் நீளமான ஒயர் கொடுத்தது. தபால்காரர் நேரம் பார்த்து வரிசையைத் தெரிந்துகொண்டார். காயப்போட்ட சேலையின் மேல் வெயில் மாறிவிடுகிறது என்பது மட்டும் ராஜம்மாளின் குறை. 2006இல் ஒருநாள் வீடு ஆறு நிமிடம் தாமதமாகக் கடந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோ காத்து நின்றது. அன்றைக்குத்தான் தெருவார் முதல்முறையாகத் தனகோடியிடம் வந்து, இது நன்றாயில்லை என்று சொன்னார்கள். அவர் வருத்தம் தெரிவித்தார். மறுநாள் முதல் ஒன்பதுக்கெல்லாம் கடந்துவிடுகிறது.