இறக்கத்தில் ஆடிய ஸ்டியரிங்

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். சன்னலோரம் பெரியவர். அவருக்கு எதிரே, நினைத்தால் எழுந்து போக வசதியாகக் கதவை ஒட்டி, அவருடைய தம்பி. மேஜையின் தலைப்பக்க நாற்காலியில், வீங்கிய காலை முக்காலியில் தூக்கி வைத்தபடி அவர்களின் அம்மா. தம்பி மனைவிக்கு மிஞ்சியது அடுப்படிப் பக்கத்து நாற்காலி. மேஜை நடுவே ஒரு கடிதம். அதை எழுதியவர் பெரியவர். அலுவலகத்தில் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போட வேண்டியவள் தம்பி மனைவி.

"உடல்நிலை காரணமாகப் பள்ளி வேன் ஓட்டுநர் பணியை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன்" என்றிருந்தது.

பள்ளியிலிருந்து அவளுக்கு வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. இப்போதைக்கு மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மாலையில் காரை இறக்கிக்கொண்டு வரும்போது கொஞ்ச நாளாகவே கையில் ஸ்டியரிங் ஆடியது. கணவனிடம் சொன்னாள். அவன் காலையில் காரை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கல்லு மாதிரி நிக்குது, ஒண்ணும் இல்லையே" என்றான். அதற்குப் பிறகு எல்லோருக்கும் அவளுடைய அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கிய கை அது.

"போடும்மா. பிள்ளைங்க ஏறுற வண்டி, விளையாட்டு இல்ல" என்றார் பெரியவர்.

"இவ அம்மாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது" என்றாள் மாமியார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

கணவன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பேனாவை எடுத்தாள். மூன்று பேரின் கண்களும் அவள் விரல்மேல் விழுந்தன. விரல் ஆடவில்லை. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாளாக அவளுக்கு வேறு வேலையே இல்லை. சோற்றைப் பிசையும்போது பார்ப்பாள், ஊசியில் நூல் கோக்கும்போது பார்ப்பாள். ஒருமுறைகூட ஆடியதில்லை. பிரேக்கில் கால் வைத்தால் ஆடும், காலை எடுத்தால் நின்றுவிடும். நோய்க்குப் பிரேக் இருக்கும் இடம் எப்படித் தெரியும்?

பேனாவை வைத்துவிட்டாள்.

"என்னங்க, மேல போயிட்டு வரலாம். இறக்கத்துல நீங்க ஓட்டுங்க. அத்தான், நீங்களும் வாங்க."

"நான் எதுக்கும்மா?"

"லெட்டர் எழுதினவர் நீங்கதானே, சாட்சியும் நீங்களே இருங்க."

"போடா, வீட்டுல உக்காந்து என்னத்தக் கிழிக்கப் போற" என்றாள் மாமியார் பெரியவரிடம்.

மேலே வண்டியைத் திருப்பி, கணவன் இறங்கத் தொடங்கினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். முதல் வளைவில் ஒன்றுமில்லை. பின்சீட்டில் பெரியவர் தொண்டையைச் செருமினார். வளைவுகள் கழியக் கழிய பிரேக் சூடேறியது. அடிவாரத்துக்குச் சற்று மேலே அவன் அழுத்திப் பிடித்தபோது ஸ்டியரிங் அவன் கையில் பிடிபட்ட கோழிபோல உதறியது.

"ஐயோ" என்றான்.

"என் கை இங்க இருக்கு" என்றாள்.

அடிவாரத்து ஒர்க் ஷாப்பில் முன்சக்கரங்களைக் கழற்றினார்கள். மெக்கானிக், பிரேக் பிடிக்கும் வட்டத் தகடான டிஸ்க்கில் முள் காட்டும் மீட்டரை வைத்து மெல்லச் சுற்றினார். முள் ஒரே இடத்தில் நிற்காமல் போய்ப்போய் வந்தது.

"ரெண்டு டிஸ்க்கும் நெளிஞ்சிருக்கு. சூட்டோட தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

கணவன் கழற்றி வைத்த சக்கரத்தைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வந்து நிறுத்தியதும் நிறுத்தாததுமாக ஹோஸோடு வாசலில் நிற்பான். சக்கரத்தில் சேறு இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. தண்ணீர் பட்டதும் சொய்யென்று ஆவி கிளம்பும். அவன் தனக்காகக் காத்திருக்கிறான் என்று அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

"தினமும் கழுவுவேன்" என்றான் கடைசியில்.

"குளிப்பாட்டியே கொன்னுட்டீங்களே சார்" என்றார் மெக்கானிக்.

புது டிஸ்க் மாட்டும் முன் அடியில் இருந்த துருவைச் சுரண்டித் துடைத்து, நட்டுகளை எதிரெதிராக இறுக்கினார்கள். அவளே மறுபடி மேலே போய் இறங்கிவந்தாள். ஸ்டியரிங் அசையவில்லை.

ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "வண்டியா இருக்கும்னு உங்களுக்கு ஏன் தோணவே இல்ல?"

"பயந்துட்டேன்."

"பயந்தா என்கிட்ட சொல்லணும். அண்ணனைக் கூப்பிட்டு லெட்டர் எழுத வைக்கிறதா?"

ஹோஸ் சுவரோரம் சுருண்டு கிடந்தது. அவன் அதன் பக்கம் போகவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அதே மேஜையில், இந்த முறை சன்னலோர நாற்காலியில், அவள் தானே எழுதினாள். பணியை ஏற்றுக்கொள்வதாக எழுதி, அடுத்த வரியில், தன் தாயாருக்குக் கை நடுக்கம் இருந்ததென்றும், ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனைக்குச் சம்மதம் என்றும் எழுதினாள்.

எட்டிப் பார்த்த பெரியவர் பதறினார். "இதை எவனாவது எழுதுவானா? வர்ற வேலையை நீயே விரட்டுறியே!"

"விரட்டினா விரட்டட்டும் அத்தான். இந்தத் தடவை ஆடினது வண்டி. நாளைக்கு நானே ஆடினா, அதைச் சொல்ல வேண்டியவ நான்தான்."

மாமியார் பசைப் புட்டியை நகர்த்திக் கொடுத்தாள்.

அவள் உறையின் மடிப்பை ஒட்டி, விளிம்பு நெடுக விரலால் அழுத்தினாள். கண் தானாகவே அந்த விரலுக்குப் போனது. கணவனின் கண்ணும் அங்கேதான் இருந்தது. அவள் பார்த்ததும் அவன் திரும்பிக்கொண்டான். உறையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குத் தனியாகவே நடந்துபோய்த் தபால்பெட்டியில் போட்டாள்.