தலைகீழாய் நின்ற பறவைகள்

வாசலில் மோட்டார் ஹாரன் அலறியது. குழந்தைவேல் ஆசாரி கையிலிருந்த உளியை நழுவவிட்டார்.

"ஏனுங்க, மலைத் துரைசாணி வந்துட்டாங்க!" என்று ஓடிவந்தாள் மனைவி சௌந்திரம். "அந்த ஓட்டையை என்னத்தைச் சொல்லி மறைக்கப் போறீங்க?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரைசாணி, முன்பு குவாதமாலா தேசத்தில் இருந்தவள். அங்கே மாயா ஜனங்கள் நெய்த துணி ஒன்றை மேஸ்திரி மாரியப்பனிடம் கொடுத்து ஓமலூருக்கு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரே ஒரு ஈட்டி மரப் பலகை. துணியில் உள்ளதை எல்லாம் அலமாரிக் கதவில் செதுக்க வேண்டும். நன்றாக வந்தால் பங்களா மர வேலை முழுவதும் ஆசாரிக்கு. பலகை கெட்டால் சேலத்து ஆளுக்கு.

துணியோ புத்தியைக் கலக்கியது. பறவைகளின் சிறகில் ஒரு வளைவு கிடையாது, எல்லாம் படிக்கட்டு. கீழ்ப்பாதியில் நிமிர்ந்து நின்றவை மேல்பாதியில் தலைகீழாய்த் தொங்கின. நட்டநடுவில், பிசிர் தொங்க, ஒரு வட்ட ஓட்டை!

"இது துணியோட சேர்ந்ததா, கிழிசலா மேஸ்திரி?" என்று கேட்டுப் பார்த்தார்.

"இருக்கிறபடி செதுக்கு. ஓட்டைப் பேச்சை மட்டும் எடுக்காதே!" என்று எரிந்து விழுந்தான் மாரியப்பன்.

இருக்கிறபடி என்றால் ஓட்டையும்தானே? குழம்பிக் குழம்பி, இன்று காலையில்தான் பலகையின் நடுவை வட்டமாய் அறுத்தே விட்டார்.

துரைசாணி உள்ளே வந்தாள். பின்னாலேயே மேஸ்திரி. அவள் பார்வை ஓட்டையில் போய் நின்றது.

"கெடுத்தியே ஆசாரி!" என்று பல்லைக் கடித்தான் மேஸ்திரி.

ஆசாரி துணியை நீட்டி, "இதைப் பார்த்துத்தானுங்கம்மா..." என்றார்.

அவள் அதை வாங்கித் தலைக்கு மேல் கவிழ்த்தாள். ஓட்டை வழியாகத் தலை வெளியே வந்தது. மார்பில் பறவைகள் நிமிர்ந்து நின்றன. திரும்பினாள், முதுகிலும் நிமிர்ந்தே நின்றன.

"அட சாமி, சட்டை!" சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துரைசாணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நல்லது ஆசாரி. ஓட்டையில கண்ணாடி வை. என் முகம் வரும். நாளைக்கு பங்களாவுக்கு வா, எல்லாக் கதவும் நீதான்" என்றாள் தன் அரைகுறைத் தமிழில்.

ஆசாரிக்கு மூச்சு வந்தது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கழுத்தைச் சுற்றித் தொங்கிய பிசிரையே வெறித்துக்கொண்டிருந்தவன், மெல்லக் கேட்டான்:

"அப்போ அது... எங்க ஊட்டுப் பரண்ல எலி கடிச்சதில்லீங்களா?"