பந்தலுக்கு ஒரு டி.வி.

நாகலெட்சுமிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவளை யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது. ஆர்.எஸ்.மங்கலம் கடைத்தெருவில் முத்தழகு நடத்திய வீடியோ கடைக்கு எடிட்டிங், மிக்சிங் எல்லாம் அவள்தான். கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு மணவறையைச் சுற்றிச்சுற்றி வருவது முத்தழகு. அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் வாங்கி, பெயர் போட்டு, பூத்தூவித் திரைக்கு அனுப்புவது இவள். பெயர் என்னவோ கடைக்காரருக்குத்தான். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

2008 வைகாசியில் தங்கசாமி வீட்டுக் கல்யாணம் வந்தது. கண்மாய்க்குக் கீழே பாதி வயல் அவருடையது. அந்த வயலில் நாற்று நட்டே நரைத்துப் போனவள் நாகலெட்சுமியின் ஆத்தா பஞ்சம்மாள். நடவு மட்டுமா? தங்கசாமியின் மகள் சோலையம்மாளை மூன்று வயது வரைக்கும் இடுப்பில் தூக்கி வளர்த்ததும் அவள்தான். பெரிய வீட்டுப் பிள்ளை பஞ்சம்மாள் கையால் ஊட்டினால்தான் சோறு தின்னும் என்று ஊரே சிரிக்கும்.

இருந்தும் என்ன? அந்த வீட்டில் விசேஷம் என்றால் பஞ்சம்மாளும் அவள் தெருக்காரர்களும் வாசலுக்கு வெளியே போட்ட பந்தலோடு சரி. யாரும் போகாதே என்று கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. தடுக்கத் தேவையில்லாதபடி எல்லோரும் பழகி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். உள்ளே மேளம் உரக்க எழும்பினால் தாலி ஏறிவிட்டது என்று கணக்கு. அதற்கப்புறம்தான் வெளியே இருக்கும் பொம்பளைகள் குலவை போடுவார்கள். எப்போதும் அது பிந்தித்தான் கேட்கும்.

நாகலெட்சுமிக்கு இது நெஞ்சில் முள்ளாக இருந்தது. கல்யாணத்துக்குப் பேச வந்த தங்கசாமியிடம் அவளே வாயைத் திறந்தாள்.

"அய்யா, முற்றத்துல சொந்தக்காரவுகளுக்குத் திரை கட்டுறோம்ல, வெளிப்பந்தல்ல ஒரு பெரிய டி.வி. வச்சிருவமா? நம்ம கம்ப்யூட்டர்ல படத்த ஓட்டுற கிராபிக்ஸ் கார்டுல இருந்து ரெண்டு பக்கம் படம் அனுப்பலாம். உங்களுக்கு ஒரு செலவும் இல்ல."

பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்த சந்தோஷத்தில் இருந்த மனுஷன், "வச்சுக்க, வச்சுக்க. ஆனா திரையில பூ நல்லா கொட்டணும். மாப்பிள்ள வீட்டுக்காரவுக அசந்து போகணும்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நாகலெட்சுமி ஆத்தாவிடம், "இந்த வாட்டி நீ சோலை கழுத்துல தாலி ஏறுறத கண்ணால பாக்குற. இது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாள். பஞ்சம்மாள் சும்மா இருப்பாளா? பொழுது விடியுமுன்னே தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

கல்யாணத்தன்று காலையில்தான் முதல் சிக்கல். கம்ப்யூட்டரை வைக்கத் தங்கசாமி கொடுத்த இடம் நெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறை.

"இங்கன காத்து வராதேய்யா" என்று ஆரம்பித்தாள் நாகலெட்சுமி. பக்கத்தில் நின்ற முத்தழகு அவள் காலை மிதித்தான்.

"ஏத்தா, லெச்சுமி குடியிருக்குற அறை இது. சாவிய நான் யாருக்கும் குடுக்குறதில்ல. நம்ம வீட்டுப் புள்ளைன்னு ஒனக்குத் தாரேன்" என்றார் தங்கசாமி. மரியாதை செய்கிறவரிடம் என்னவென்று மல்லுக்கு நிற்பது? மூட்டைகளுக்கு நடுவே மேசையைப் போட்டு, முற்றத்துத் திரைக்கு ஒரு வயரும் பந்தல் டி.வி.க்கு ஒரு வயரும் இழுத்தாள்.

இரண்டாவது சிக்கல் முத்தழகு செய்துவைத்த புண்ணியம். முந்தின வாரம் ராமநாதபுரத்தில் தெரிந்த ஒருவரிடம் மெஷினைக் கொண்டுபோய், அந்தக் கிராபிக்ஸ் கார்டு ஓடும் கிளாக் வேகத்தை அறுநூற்று இருபது மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். "பிச்சுக்கிட்டுப் போகும் பாரு" என்று பெருமை வேறு. வேகத்தை ஏற்றினால் கரண்டை அதிகம் குடிக்கும், குடித்தால் கொதிக்கும் என்று அவள் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையிலென்றால் ஏ.சி. இருந்தது. இங்கே என்ன இருந்தது, நெல் தூசிதான் இருந்தது.

மாப்பிள்ளை அழைப்பு வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. திரையில் ரோஜாப்பூ கொட்டிற்று, இதயம் பறந்தது, மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளந்து பார்த்தார்கள். வெளியே டி.வி.க்கு முன்னால் பஞ்சம்மாள் முதல் வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆனால் நாகலெட்சுமியின் கண் கம்ப்யூட்டர் மானிட்டரின் ஓரத்தில் இருந்த சின்னக் கட்டத்தில்தான். அது கார்டின் சூடு எண்பது டிகிரி என்றது. பெண்ணை மணவறைக்கு அழைத்துவந்தபோது தொண்ணூற்று நாலு. நூறைத் தாண்டினால் படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். மெஷினை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி எழுப்புவதற்குள் மேளக்காரர்கள் சாப்பிடவே உட்கார்ந்துவிடுவார்கள்.

அவசரமாகப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். கார்டின் சின்ன விசிறியில் உமித்தூசி அப்பிக் கிடந்தது. கேமராவை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்த முத்தழகு, உதவி செய்கிறேன் என்று அறையிலிருந்த பெரிய ஃபேனை மெஷின் பக்கம் திருப்பிப் போட்டான். போட்டதுதான் தாமதம், மூட்டை மேல் கிடந்த தூசியெல்லாம் எழும்பி நேராக மெஷினுக்குள் போயிற்று.

"அய்யய்யோ, அமத்துண்ணே அத! இருக்குற தூசி பத்தாதுன்னு நீ வேற!"

"சூட்ட ஆத்தணும்னுதானே போட்டேன்!"

"ஆத்துன லட்சணம் தெரியுது. தள்ளு அங்குட்டு."

கார்டு விசிறியை முழு வேகத்துக்குத் தள்ளினாள். அது அலறிற்று. சூடு தொண்ணூற்று ஏழு. இனி ஒரே வழிதான். ஏற்றிவைத்த கிளாக்கை இறக்க வேண்டும். ஐநூறுக்கு இறக்கினாள். சூடு ஏறுவது நின்றது, இறங்கவில்லை. நானூறுக்கு இறக்கினாள். முள் திரும்பினாற்போல் எண் ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தது. ஆனால் திரையில் பூ விட்டுவிட்டு விழுந்தது. மாப்பிள்ளை கையைத் தூக்கினால் கை நாலு இடத்தில் நின்று நின்று மேலே போயிற்று. கார்டில் மெமரி வேகம் என்று இன்னொன்று உண்டு, அதில் அவள் கை வைக்கவில்லை. அதையும் குறைத்தால் இரண்டு பக்கமும் படம் விட்டுவிட்டு மின்னும் என்று கடையில் முன்பே சோதித்துப் பார்த்திருந்தாள். குறைந்த வேகத்தில் பூவும் இதயமும் இரண்டு பக்கப் படமும் சேர்ந்து ஓடாது. எதையாவது ஒன்றை விட்டே ஆக வேண்டும்.

முத்தழகு யோசிக்கவே இல்லை. "வெளிய போற வயரப் புடுங்கு. பந்தல்ல இருக்குறவுக யாரும் வந்து கேக்க மாட்டாக."

அவன் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாகலெட்சுமிக்கும் அது தெரியும். அதனால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் பொங்கிற்று.

"கேக்க மாட்டாகங்கிறதுக்காகப் புடுங்குவியாண்ணே? வெளிய இருக்குறது எங்க ஆத்தா."

"ஏய், பூ இல்லைன்னா தங்கசாமி அய்யா என்னய உரிச்சுருவாரு. இந்த ஊர்ல கடை போட முடியாது!"

"உரிக்கட்டும். நான்தான் நிப்பாட்டுனேன்னு சொல்லிக்க."

வயரை நோக்கி அவன் கை நீண்டது. அவள் குறுக்கே நின்றுகொண்டு, எட்டிக் கம்ப்யூட்டரில் மூன்று தட்டுத் தட்டினாள். ரோஜாப்பூ நின்றது. இதயம் மறைந்தது. பொன் ஜரிகைச் சட்டமும் போயிற்று. வெறும் படம் மட்டும் இரண்டு பக்கமும் தெளிவாக ஓடிற்று.  வேலை போனால் மறுநாளே ஆத்தாவோடு நடவுக்குப் போக வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

மூச்சு விடுவதற்குள் தங்கசாமி அறை வாசலில் வந்து நின்றுவிட்டார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"ஏலே முத்தழகு, பூ எங்கலே? சம்பந்தி கேக்குறாரு!"

முத்தழகு மூட்டைப் பக்கம் ஒதுங்கினான். நாகலெட்சுமி எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"நான்தாய்யா நிப்பாட்டுனேன். மெஷினு கொதிக்குது. பூவப் போட்டா தாலி கட்டுறப்ப படம் நின்னுரும். பூ வேணுமா, தாலி வேணுமா, நீங்களே சொல்லுங்க."

"பந்தல் டி.வி.ய அமத்திட்டுப் பூவப் போடலாம்ல?"

"போடலாம்யா. ஆனா பந்தல்ல சோலையத் தூக்கி வளத்தவ ஒக்காந்திருக்கா. அத அமத்தணும்னா உங்க கையாலயே அமத்திருங்க. என் கையி அதுக்கு வராது."

 தங்கசாமி அந்த வயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் முற்றத்தில் "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று குரல் எழுந்தது.

மேளம் முதல் அடி அடிக்கும்போதே வெளியிலிருந்து குலவை வந்தது. பிந்தி வரவில்லை. தாலி கழுத்தைத் தொட்ட அந்த நொடிக்கே வந்தது. பந்தல் முழுக்க இருந்த பொம்பளைகளின் குலவை சுவரைத் தாண்டி முற்றத்தில் இறங்கியபோது உள்ளே இருந்தவர்கள் அட்சதை போட மறந்து வாசல் பக்கம் திரும்பினார்கள். அடங்கும் என்று பார்த்தால் மறுபடி எழும்பிற்று.

தங்கசாமி நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டார். "எனக்கு வெவரம் தெரிஞ்சு இந்த வீட்ல இப்பிடி ஒரு குலவை கேட்டதில்ல" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பூவு கெடக்கு போ. கேசட்ல இந்தச் சத்தத்தக் கொறைக்காம வையி, தாயி" என்று சொல்லிவிட்டு மணவறைக்கு ஓடினார்.

முத்தழகு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தான். "உசுரு போயித் திரும்பி வந்துச்சு" என்றான். பிறகு ஓரக்கண்ணால் கட்டத்தைப் பார்த்தான். எண்பத்து ஆறு. "கடைக்குப் போயி அந்தக் கிளாக்க நீயே ஒரு அளவா வச்சுரு" என்றான் மெதுவாக. அவன் வாயிலிருந்து அது வந்ததே பெரிது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நாகலெட்சுமி வெளியே வந்தாள். பஞ்சம்மாள் பந்தியில் உட்காராமல் மகளுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நாலு பொம்பளைகள் கூட நின்றார்கள். ஆத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்ணைப் பெற்றவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"ஏத்தா, மாப்பிள்ளைக்குக் கை நடுங்குச்சு, பாத்தியா? மூணாவது முடிச்ச நாத்தனாக்காரி போட்டா. அப்ப சோலை ஒரு சிரிப்புச் சிரிச்சுச்சு பாரு, சின்னப் புள்ளையில சோறு ஊட்டுறப்ப சிரிக்குமே, அதே சிரிப்பு! நீ பாத்தேல்ல?"

நாகலெட்சுமி விழித்தாள். மேளம் முழங்கிய நேரமெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், திரையில் என்ன நடந்தது என்று ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இல்லத்தா" என்றாள். "நான் தாலி கட்டுனதப் பாக்கல."

"அட கிறுக்கு! உள்ளேயே இருந்துக்கிட்டுப் பாக்கலையா?" பஞ்சம்மாள் மகள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இங்கன உக்காரு. நான் சொல்றேன் கேளு."

பெரிய வீட்டுக் கல்யாணத்தை முதல் தாம்பூலத்திலிருந்து பஞ்சம்மாள் சொல்ல ஆரம்பித்தாள்.